கஞ்சா சோதனை: சட்டைப்பைக்கு ஒரு சட்டம், தோள் பைக்கு ஒரு சட்டமா? போலீசார் கை வைக்கும் முன் சொல்ல வேண்டியது என்ன?

"பஸ் நிலையத்தில் சந்தேகப்படும்படி நின்ற வாலிபரை போலீசார் மடக்கி பிடித்து சோதனை செய்தனர். அவரிடம் கஞ்சா பொட்டலங்கள் இருந்தன. அவரை கைது செய்து ஜெயிலில் அடைத்தனர்."

தினமும் பேப்பரில் வரும் செய்திதான் இது. இதில் 'சோதனை செய்தனர்' என்பதை யாரும் நின்று படிப்பது இல்லை. ஆனால் கோர்ட்டில் இந்த வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கடுமையான சட்டம்

திருட்டு, அடிதடி வழக்குகளில் குற்றத்தை போலீசார்தான் நிரூபிக்க வேண்டும். 1985-ம் ஆண்டு வந்த போதை பொருள் தடுப்பு சட்டம் வேறு மாதிரி. பொருள் ஒருவர் கைவசம் இருந்தது என்று போலீசார் நிரூபித்துவிட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்பதை பிடிபட்டவர்தான் நிரூபித்தாக வேண்டும்.

தண்டனையும் சாதாரணம் அல்ல. கஞ்சா 1 கிலோவுக்குள் இருந்தால் 1 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை என்றால் 10 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம். 20 கிலோவை தாண்டிவிட்டால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. அதிகபட்சம் 20 ஆண்டு. அந்த வழக்கில் ஜாமீன் கிடைப்பதும் குதிரை கொம்பு.

50-வது பிரிவு

இவ்வளவு கடுமையான சட்டத்தில் பொதுமக்களுக்கு ஒரு பாதுகாப்பும் உள்ளது. அதுதான் 50-வது பிரிவு.

போதை பொருள் இருப்பதாக சந்தேகப்பட்டு ஒருவரின் உடம்பை சோதனை போடுவதற்கு முன், "அருகில் உள்ள மாஜிஸ்திரேட்டு அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை போடச்சொல்லி கேட்க உனக்கு உரிமை உண்டு" என்று போலீசாரே சொல்ல வேண்டும். அவர் கேட்டால் அழைத்துப்போக வேண்டும். சோதனை போட காரணம் இல்லை என்று அந்த அதிகாரிக்கு பட்டால் உடனே விட்டுவிட வேண்டும். பெண்ணை பெண்தான் சோதனை செய்யலாம்.

விதிவிலக்கும் உண்டு. அழைத்துப்போகும் வழியில் பொருளை தூக்கி எறிந்துவிடுவார் என்று நம்ப காரணம் இருந்தால் போலீசார் அங்கேயே சோதிக்கலாம். ஆனால் காரணத்தை எழுதி 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வேறு வழக்குக்காக சோதித்தபோது தற்செயலாக கஞ்சா சிக்கினாலும் இந்த பிரிவு பொருந்தாது.

இந்த உரிமையை சொல்லாமல் உடம்பில் இருந்து எடுத்த பொருளை மட்டும் வைத்து தண்டிக்க முடியாது என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு 5 நீதிபதிகள் பெஞ்ச் தீர்ப்பளித்தது. ஏதோ ஒப்புக்கு சொன்னால் போதாது, முழுமையாக கடைப்பிடிக்க வேண்டும் என்று 2010-ல் இன்னொரு 5 நீதிபதிகள் பெஞ்ச் அடித்து சொன்னது. 2 பேரை பிடித்து இருவருக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ் கொடுத்தது செல்லாது என்று 2014-ல் ராஜஸ்தான் வழக்கில் தீர்ப்பு வந்தது.

பை என்றால் உரிமை இல்லை

இங்கேதான் சிக்கல். இந்த உரிமை உடம்புக்கு மட்டும்தான். கையில் வைத்திருக்கும் பை உடம்பின் பகுதி ஆகாது என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. உடம்பு, பை இரண்டையும் சோதித்து, பையில் மட்டும் பொருள் சிக்கினாலும் இதே கதைதான் என்று 2023 அக்டோபரில் மீண்டும் உறுதி செய்தது.

அதாவது, லுங்கி மடிப்பில் 50 கிராம் வைத்திருப்பவருக்கு இந்த உரிமை உண்டு. தோள் பையில் 5 கிலோவுடன் பிடிபட்டவருக்கு இல்லை.

சட்டைப்பையில் இருப்பதை 'என்னுடையது இல்லை' என்று சொல்வது கஷ்டம். ஆனால் பை அப்படியா? பஸ்சில் சீட்டுக்கு அடியில் கிடக்கும். "அண்ணே, இதை கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று ஒருவர் கொடுத்துவிட்டு போவார். ஆட்டோவில் சவாரி ஏறியவர் விட்டுவிட்டு இறங்குவார். யார் பை என்ற தகராறு வரும் இடத்தில்தான் வெளி சாட்சி அதிகம் தேவை. அந்த இடத்தில் 50-வது பிரிவு கை கொடுப்பது இல்லை.

கேமரா சாட்சி

இந்த குறையை ஓரளவு போக்க வழி வந்துள்ளது. 1-7-2024 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 105-வது பிரிவு, ஒரு இடத்தை சோதிப்பதையும் பொருளை கைப்பற்றுவதையும் ஆடியோ, வீடியோவாக பதிவு செய்ய சொல்கிறது. செல்போனே போதும். பதிவை தாமதம் இல்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

வீட்டு சோதனைக்கும் தனி விதி உண்டு. சூரியன் மறைந்த பிறகு வாரண்டு இல்லாமல் நுழைய வேண்டும் என்றால், வாரண்டு வாங்கும் வரை ஏன் காத்திருக்க முடியாது என்பதை அதிகாரி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

பிடிபட்ட பிறகு அதிகாரிகளிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை குற்ற ஒப்புதலாக பயன்படுத்த முடியாது என்று, தமிழ்நாட்டில் இருந்து போன டோபான் சிங் வழக்கில் 29-10-2020 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆகவே சோதனையை ஒழுங்காக நடத்துவதுதான் போலீசாருக்கும் பலம்.

தப்புவது யார்?

விதியை மீறினால் அப்பாவி மட்டும் பாதிக்கப்படுவது இல்லை. நிஜ வியாபாரியும் நல்ல வக்கீலை வைத்து, "சார், என்னிடம் உரிமையை சொல்லவே இல்லை" என்று வெளியே வந்துவிடுகிறான். 2 நிமிடம் நின்று சொல்லாத குறைக்கு பல மாத உழைப்பு வீண்.

காரணமே இல்லாமல் வேண்டும் என்றே தொல்லை கொடுத்து சோதனை போடும் அதிகாரிக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.1,000 வரை அபராதம் என்று 58-வது பிரிவு சொல்கிறது. பொய் தகவல் கொடுத்து ஒருவரை மாட்டிவிடுபவருக்கு 2 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

சோதனைக்கு நிற்பவர் தகராறு செய்ய வேண்டியது இல்லை. "மாஜிஸ்திரேட்டு முன்னாடி சோதனை போடுங்க சார்", "வீடியோ எடுங்க சார்" என்று கேட்டால் போதும். அது சட்டம் கொடுத்த உரிமை. உரிமை வேண்டாம் என்று அச்சடித்து நீட்டப்படும் தாளை படிக்காமலோ, படித்துக்காட்ட சொல்லாமலோ கையெழுத்து போட்டால், பிறகு கோர்ட்டில் அந்த கையெழுத்துதான் பேசும்.