ராம்பா, சறுக்குமரமா?

நம் பக்கத்தில் இப்போதெல்லாம் வங்கி, கிளினிக், கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு ராம்ப் இருக்கிறது. நல்ல விஷயம்தானே என்பீர்கள். ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பல இடங்களில் அது ராம்ப் அல்ல. சிமென்ட்டில் கட்டிய சறுக்குமரம்.

பள்ளியில் படித்த சாய்தளப் பாடம்தான். உயரத்தைப் போல எத்தனை மடங்கு நீளமோ, அத்தனை மடங்கு பளு குறையும். லாரியில் பீப்பாய் ஏற்றுகிறவருக்கு இது தெரியும். தள்ள முடியவில்லை என்றால் நீளமான பலகையாகக் கொண்டுவரச் சொல்வார்.

வாசல் உயரம் ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளும் வீல்சேரும் சேர்ந்து 80 கிலோ. 18 அடி நீள ராம்ப் என்றால், உராய்வை விட்டுவிட்டால், 7 கிலோவுக்கும் குறைவான விசை போதும். மனைவியே தள்ளிவிடுவார். அதையே நாலரை அடிக்குள் முடித்தால் 26 கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். எழுபது வயதில் யாரால் முடியும்? இறங்கும்போது அதே 26 கிலோவை இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். கை நழுவினால் நேரே தெருவில்தான்.

1-க்கு 12 என்பது என் கணக்கு இல்லை. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளில் உள்ள அளவு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த நாளிலிருந்து 5 ஆண்டு கெடு கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், ராஜீவ் ரதூரி வழக்கில், இந்த அளவுகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

"இடம் இல்லை சார்" என்பார்கள். "2015 வெள்ளத்துக்கு அப்புறம் எல்லாரும் வாசலை உயர்த்திட்டோம், என்ன செய்யறது?" என்பார்கள். வெள்ளம் நானும் பார்த்ததுதான், உயர்த்தியது தப்பில்லை. ஆனால் உயரம் கூடினால் நீளமும் கூட வேண்டும். நேரே நீட்ட இடமில்லையா? சுவரோரமாகத் திருப்பி, நடுவில் ஒரு சமதளம் விட்டு, கைப்பிடி வைத்துக் கட்டலாம். இரண்டு பைக் நிறுத்தும் இடம் போகும், அவ்வளவுதான். பைக்குக்கு இடம் உண்டு, பாட்டிக்கு இல்லையா?

ஆவடி தொழிற்சாலையில் 40 டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கிகளைச் செய்து அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாக்கியும் செயின் பிளாக்கும் கையாண்டே ரிட்டயர் ஆனவர்கள் இதைப் படிக்கிறீர்கள். ஒரு கிழவியை ஒன்றரை அடி ஏற்ற வழி தெரியாது என்று நாம் சொல்லலாமா?

அடுத்த முறை பென்ஷன் விஷயமாகப் போகும்போது பையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள். உயரத்தை அளங்கள், நீளத்தை அளங்கள். 12 மடங்கு இல்லையென்றால், இரண்டு அளவையும் தேதியோடு எழுதி மேலாளரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னால் "பார்க்கலாம் சார்" என்பார்கள். எண்ணை எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.