வியர்வைத் தடுப்பானும் புற்றுநோய் அச்சமும்

வியர்வைத் தடுப்பானில் வேலை செய்வது அலுமினிய உப்பு. ரோல்-ஆன்களில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் குளோரோஹைட்ரேட். அக்குளில் பூசியதும் அது வியர்வையில் கரைந்து, வியர்வை நாளத்தின் வாயருகே கூழாகத் திரண்டு அடைத்துக்கொள்கிறது. மேல்தோல் உதிர்ந்து புதிதாக வளரும்போது, சில நாட்களில் அந்த அடைப்பும் போய்விடும். டியோடரண்ட் வேறு. அது வியர்வையை நிறுத்தாது. நாற்றத்தை மறைக்கும், அல்லது நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவைக் குறைக்கும். கடைகளில் ‘டியோ’ என்று விற்கும் ஸ்பிரேக்கள் பலவற்றில் அலுமினியமே கிடையாது. இந்த வேறுபாட்டைக்கூடப் பார்க்காமல்தான், இவற்றைப் பூசினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற எச்சரிக்கை 1990-களின் இறுதியில் மின்னஞ்சல்களில் கிளம்பி, மறதி நோயான அல்சைமர் வரும் என்ற பயத்துடன் சேர்ந்து இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது.

உடலின் நச்சுகள் வியர்வை வழியாக வெளியேறுகின்றன, அந்த வழியை அடைத்தால் அவை அக்குளின் நிணநீர்க் கணுக்களில் தங்கிப் புற்றுநோயாகின்றன என்பது முதல் வாதம். வியர்வையில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி உப்பு. வியர்வை உடலைக் குளிர்விப்பதற்கானது. கழிவைப் பிரித்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். நிணநீர்க் கணுக்களுக்கும் வியர்வைச் சுரப்பிகளுக்கும் இடையே குழாய்த் தொடர்பு எதுவும் இல்லை. மார்பகப் புற்றுநோயில் அக்குள் கணுக்கள் பாதிக்கப்படுவது உண்மை; ஆனால் நோய் மார்பில் தொடங்கி அங்கே பரவுகிறது, அங்கிருந்து மார்புக்கு வருவதில்லை.

அப்படியானால் கட்டிகள் அக்குளை ஒட்டிய மேல் வெளிப்பகுதியில் அதிகம் காணப்படுவது ஏன் என்று அடுத்த கேள்வி வரும். மார்பகத்தின் சுரப்பித் திசு அந்தப் பகுதியில்தான் அதிகம். திசு அதிகமுள்ள இடத்தில் கட்டியும் அதிகம். மேமோகிராம் எடுக்க வருபவர்களிடம் அக்குளில் எதையும் பூசாமல் வரச் சொல்வதையும் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். தோலில் ஒட்டியிருக்கும் அலுமினியத் துகள்கள் எக்ஸ்ரே படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். புற்றுநோயின் தொடக்க அறிகுறியாக இருக்கக்கூடிய கால்சியப் புள்ளிகளும் அதே தோற்றம் கொண்டவை. இரண்டும் குழம்பக் கூடாது என்பதற்காகவே அந்த அறிவுரை.

இவற்றைவிட வலுவான வாதம் ஆய்வுகளின் பெயரால் வருவது. அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில் மார்பகப் புற்றுநோய் வந்த 813 பெண்களும் வராத 793 பெண்களும் ஒப்பிடப்பட்டார்கள். வியர்வைத் தடுப்பானும் காரணமில்லை, சவரம் செய்த உடனே பூசுவதும் காரணமில்லை என்பது முடிவு. மறுபக்கம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2003-இல் வந்த ஆய்வு: நோயிலிருந்து மீண்ட 437 பெண்களில், இளவயதிலேயே சவரமும் வியர்வைத் தடுப்பானும் பழக்கமாக்கியவர்களுக்கு நோய் முன்னதாகக் கண்டறியப்பட்டது என்றது. நோய் வராத ஒருவர்கூட அதில் இல்லை. தவிர, முந்தைய தலைமுறையைவிட இளைய தலைமுறை இந்தப் பழக்கங்களைச் சீக்கிரம் தொடங்கியது. இளைய வயதில் நோய் கண்டறியப்பட்டவர்கள் இயல்பாகவே அந்தத் தலைமுறையினர். 2017-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக்கில் 209 நோயாளிகளையும் 209 ஆரோக்கியமான பெண்களையும் ஒப்பிட்டபோது, 30 வயதுக்கு முன்பிருந்தே ஒரு நாளில் பல தடவை பூசியதாகச் சொன்னவர்களிடம் நோய் அதிகம் தெரிந்தது. இதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் எத்தனை தடவை பூசினோம் என்பது நினைவிலிருந்து வந்த பதில். நோய்க்குக் காரணம் தேடித் தவிக்கும் ஒருவர் கடந்த காலத்தை நினைவுகூர்வதும், நலமாக இருப்பவர் நினைவுகூர்வதும் ஒன்றல்ல. இந்த ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

ஆய்வகத் தட்டில் மார்பகச் செல்களை அலுமினியக் கரைசலில் வாரக்கணக்கில் வைத்தபோது அவை மாறியதும் உண்மையே. ஆனால் பூசியதில் எவ்வளவு தோலைத் தாண்டி உள்ளே போகிறது? 2001-இல் வெளியான சோதனையில், அலுமினியம்-26 என்ற ஐசோடோப்பைக் கலந்து ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் பூசிச் சிறுநீரில் அளந்தார்கள். உள்ளே சென்றது 0.012 சதவீதம். அந்தக் கணக்கில் இரண்டு அக்குளிலும் ஒரு தடவை பூசினால் சேர்வது சுமார் 4 மைக்ரோகிராம். அதே காலத்தில் உணவிலிருந்து குடல் உறிஞ்சும் அலுமினியத்தில் இது ஏறத்தாழ 2.5 சதவீதம். இரண்டு பேர் போதாது என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால் மேலும் பெரிய சோதனை நடந்தது. அதில் கிடைத்த அளவு இன்னும் குறைவு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2014-இல் விடுத்த எச்சரிக்கையை இந்தத் தரவுகளைப் பார்த்த பிறகு 2020-இல் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு, ஸ்பிரே அல்லாதவற்றில் 6.25 சதவீதம் வரையும் ஸ்பிரேயில் 10.6 சதவீதம் வரையும் அலுமினியம் இருப்பது பாதுகாப்பானது என்று கருத்துத் தெரிவித்தது.

அல்சைமர் நோய் பற்றிய பயம் 1965-இல் முயல்களிடமிருந்து தொடங்கியது. மூளைக்குள் அலுமினியம் செலுத்தப்பட்ட முயல்களின் நரம்புச் செல்களில் சிக்குகள் தோன்றின. அவை அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காணப்படும் சிக்குகளிலிருந்து அமைப்பில் வேறுபட்டவை என்பது பிறகு தெரிந்தது. 1970-களில் டயாலிசிஸ் நோயாளிகளின் மனநிலை குலைந்து பேச்சு தடுமாறியதற்கு அலுமினியமே காரணமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் நூறு லிட்டருக்கும் மேலான திரவம் அவர்களின் ரத்தத்தை ஒட்டி ஓடியது. அந்தத் தண்ணீரில் அலுமினியம் இருந்தது. வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஆனால் அதுவும் அல்சைமர் அல்ல.

பயந்து மாற்று தேடுபவர்களுக்கு ‘இயற்கை’ என்ற பெயரில் விற்கப்படும் கிரிஸ்டல் டியோடரண்ட் பெரும்பாலும் படிகாரம்தான். சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கும் அதே கல். படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். அலுமினியம் இல்லாதது என்று அதை நம்ப வைத்து விற்பது நுகர்வோரை ஏமாற்றுவது.

உண்மையான எச்சரிக்கைகள் சில உண்டு. அமெரிக்காவில் இந்தப் பொருட்களின் உறையில், சிறுநீரக நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும் என்று அச்சிடுவது கட்டாயம். தோல் கீறியோ புண்ணாகவோ இருக்கும்போது அலுமினியம் உள்ளே போவது கூடும் என்பதால் அது ஆறும்வரை பூசாமலிருப்பது நல்லது. எரிச்சலோ தடிப்போ வந்தால் நிறுத்திவிட வேண்டும். மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், ரோல்-ஆன் பூசுபவரானாலும் ஒருநாளும் பூசாதவரானாலும், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.