மௌனப் பெட்டியும் மூத்தோரின் முணுமுணுப்பும்

கண்டியில் அண்மையில் நடந்த சிறியதோர் இசை நிகழ்ச்சியின் பின்னர், மூத்த கிற்றார் கலைஞர் ஒருவர் இருபது வயது இளைஞன் ஒருவனைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டார். அவன் செய்த குற்றம், மேடைக்கு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவராமை. தனது வால்வ் அம்பிளிபயரை 'லோட் பொக்ஸ்' ஒன்றில் இணைத்து, 'இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ்' வழியாக மண்டப ஒலியமைப்புக்கு நேரே அனுப்பியிருந்தான். "கணினி சொல்லும் பொய் இது" என்றார் பெரியவர். சுற்றிநின்றோர் தலையாட்டினர். நான் ஆட்டவில்லை.

விடயம் இதுதான். அம்பிளிபயர் வெளிவிடும் மின்வலுவை ஸ்பீக்கருக்குப் பதிலாக ஏற்று வெப்பமாக்கிவிடுவது லோட் பொக்ஸ். இரண்டுமின்றி வால்வ் அம்பிளிபயரை இயக்கினால் அதன் ட்ரான்ஸ்போமர் எரிந்துபோகலாம். எத்தனை ஓம், எத்தனை வாட் என்று பார்த்தே இணைக்க வேண்டும். இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ் என்பதோ ஓர் அளவீடு. ஸ்பீக்கர் பெட்டிக்குள் சோதனை ஒலியைச் செலுத்தி, ஒலிவாங்கியால் பதிந்து, பெட்டியும் ஒலிவாங்கியும் அறையும் சேர்ந்து ஒலியை எவ்வாறு மாற்றுகின்றன என்று கணித்து வைப்பது. ஸ்பீக்கர் செய்யும் செலஸ்ரியன் நிறுவனமே 2017 முதல் தன் ஸ்பீக்கர்களின் அளவீடுகளை விற்கிறது. செய்தவனுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

பெரியவர் போற்றும் 'உண்மை ஒலி'தான் எது? 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசைப் பாடல்களை நம்மிற் பலர் இலங்கை வானொலியிலேயே கேட்டோம். ஒலிவாங்கி, ஒலிநாடா, ஒலிபரப்பு எல்லாம் கடந்து, உள்ளங்கையகல ட்ரான்சிஸ்டர் ஸ்பீக்கரில் வந்த ஒலி அது. அன்று அதை எவரும் பொய்யென்று தள்ளவில்லை.

அடுத்தது ஊர். கண்டி, மலைகள் சூழ்ந்த கிண்ணம். அம்பிட்டியவிலும் கட்டுகஸ்தோட்டையிலும் சரிவுகளில் வீட்டின் மேல் வீடு. 100 வாட் வால்வ் அம்பிளிபயர் தன் இனிய கரகரப்பைத் தர, அதனை உச்சத்துக்கு ஏற்ற வேண்டும். ஒருவர் வாசிக்க, ஒரு மலைச்சரிவே விழித்திருக்கும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி அனுமதி வழங்கலாகாது என, விசேட சந்தர்ப்பங்கள் நீங்கலாக, உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் கூறியது. வழிபாட்டிட ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்குத்தான். ஆயினும் கேட்க விரும்பாதவனைக் கேட்கவைக்க எவருக்கும் உரிமையில்லை என்ற அதன் நியாயம் கிற்றாருக்கும் பொருந்தும். தனி அறை, தடித்த சுவர், பெட்டி ஏற்ற வாகனம் உள்ளவனுக்கு மட்டுமே இசை என்பது கலைப்பற்றன்று, வசதியுள்ளவனின் செருக்கு.

குறையும் உண்டு. அந்த அளவீடு ஒரு கணத்தின் படம் மட்டுமே. உச்ச ஒலியில் ஸ்பீக்கர் தாளே திணறும் திணறலை அது தராது. பெட்டியின் எதிரே நின்றால் காற்சட்டை அதிருமே, அதையும் தராது. இழப்புத்தான். ஆனால் வாசிக்காமலே விடுவது அதனினும் பேரிழப்பு. அன்று தலைகுனிந்து சென்ற பையன் அதன் பிறகு மேடையேறவில்லை என்று அறிகிறேன்.

ஐயா, உங்கள் வீட்டு மூலையில் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று கிடக்குமாயின், அதன் தாள் உக்கிப்போகுமுன் அந்த இளைஞனை அழைத்து ஓர் ஒலிவாங்கியை அதன்முன் வைக்கச் சொல்லுங்கள். இலண்டன் பெட்டிகளின் அளவீடுகள் எங்கும் கிடைக்கின்றன. உங்கள் பெட்டியினது எங்கும் கிடையாது. பொய் என்று நீங்கள் ஏசிய அதே வித்தைதான், உங்கள் ஒலியை உங்களுக்குப் பின்னும் காக்கப்போகிறது.