30 லட்சம் விற்ற இசைக்குழு... சறுக்கிய அடுத்த ஆல்பம்! - 'டேஸில் ஷிப்ஸ்' கதை

ஓர் ஆல்பம் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. அதன் மூன்று பாட்டுகள் பிரிட்டனின் டாப் 5-க்குள் நுழைந்துவிட்டன. அடுத்து என்ன செய்வார்கள்? அதே பாணியில் இன்னொன்று போட்டு கல்லா கட்டுவார்கள்!

லிவர்பூல் பக்கத்து இளைஞர்களான ஆண்டி மெக்ளஸ்கியும் பால் ஹம்ப்ரீஸும் அப்படிச் செய்யவில்லை. 'ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க்', சுருக்கமாக ஓ.எம்.டி. என்ற சின்த்-பாப் குழு இவர்களுடையது. 1981-ல் 'ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி' சக்கைப்போடு போட்டது. 1983 மார்ச்சில் அடுத்ததாக வந்தது 'டேஸில் ஷிப்ஸ்'. அப்போது இருவருக்கும் வயது 23.

பொம்மையும் பாடும்!

இசைத்தட்டில் ஊசியை வைத்ததும் முதலில் கேட்பது பாட்டு அல்ல. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் வானொலி ஒலிபரப்பின் அடையாள இசை! சிற்றலை ரேடியோவின் குமிழைத் திருகி, தூர தேசத்து நிலையங்களைப் பிடித்துக் கேட்ட தலைமுறைக்கு அந்தச் சுகம் புரியும். பனிப்போர் காலத்தில் எல்லை தாண்டி வந்த இப்படிப்பட்ட குரல்களையே இவர்கள் இசையாக்கினார்கள்.

'ஜெனடிக் இன்ஜினீயரிங்' பாட்டில், குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுத்தரும் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' பொம்மையின் இயந்திரக் குரலும் சேர்ந்துகொள்கிறது. 'டைம் ஸோன்ஸ்' இன்னும் விநோதம். பல நாடுகளில் தொலைபேசியில் மணி சொல்லும் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்!

பக்கத்துக்கு ஆறாக மொத்தம் 12 டிராக்குகள், சுமார் 35 நிமிடங்கள். தட்டைத் திருப்பிப் போட்டால் கப்பல் சங்கொலியும் நீர்மூழ்கிகளின் 'பிங்' சத்தமும்தான் வரவேற்கும். அது ஓய்ந்ததும் 'தி ரொமான்ஸ் ஆஃப் தி டெலஸ்கோப்' மெதுவாக எழும்போது மனம் கரைந்துவிடும்.

வரிக்குதிரைக் கப்பல்கள்

பெயர் வந்த கதையும் சுவாரஸ்யம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வரிக்குதிரைபோல் கோணல்மாணலாகப் பட்டை அடித்தார்கள். அது கப்பலை மறைப்பதற்காக அல்ல. எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று எதிரியின் நீர்மூழ்கியைக் குழப்புவதற்காக! லிவர்பூல் துறைமுகத்தில் நின்ற அப்படியொரு கப்பலை எட்வர்ட் வாட்ஸ்வொர்த் 1919-ல் ஓவியமாகத் தீட்டினார். ஆல்பத்தின் தலைப்பும், பீட்டர் சாவில் குழுவினர் வடிவமைத்த உறையும் அதிலிருந்து பிறந்தவையே.

குழம்பியது எதிரியல்ல, ரசிகர்கள்! ஆல்பம் பிரிட்டனில் 5-ம் இடம் வரை போனாலும் சீக்கிரமே இறங்கிவிட்டது. 'ஜெனடிக் இன்ஜினீயரிங்' 20-ம் இடத்திலும், 'டெலகிராஃப்' 42-ம் இடத்திலும் நின்றுபோயின. முந்தைய ஆல்பத்தின் விற்பனையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தேறியது.

அந்த அடி வலித்தது. 1984-ல் வந்த 'ஜங்க் கல்ச்சர்' ஆல்பத்தில், துள்ளலான பாப் பாட்டுகளுக்குத் திரும்பினார்கள். 'லோகோமோஷன்' மீண்டும் டாப் 5-க்குள் போனது. 1986-ல் 'இஃப் யூ லீவ்' அமெரிக்காவில் 4-ம் இடம் பிடித்தது. பிழைப்பு தப்பித்தது. ஆனால், அந்தப் பழைய துணிச்சல் குறைந்துபோனது.

காலம் சொன்ன தீர்ப்பு

தோல்வி என்று ஒதுக்கப்பட்ட தட்டை, பின்னாளில் வந்த இசைக்கலைஞர்களும் விமர்சகர்களும் தேடிப்பிடித்துக் கொண்டாடினார்கள். 2014-ல் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் அதன் பாடல்களை ஓ.எம்.டி.யே மேடையேற்றியது. 40-ம் ஆண்டான 2023-ல் வினைலில் மறுபதிப்பும் வந்தது. 1983-ல் அதை வாங்கத் தயங்கியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு!

ஹிட் கொடுத்த மறுநாளே புதிதாக ஒன்றை முயல்வதற்குத் தைரியம் வேண்டும். அதற்கான விலையை இவர்கள் கொடுத்துவிட்டார்கள்; பலன் நமக்கு.

போனில் கேட்பவர்களுக்கு ஒரு டிப்ஸ்: ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் டிராக்கிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஆறாவது பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். தட்டைத் திருப்பிப் போடும் நேரம் அது!