நம் ஊர்ப் படங்களுக்கு ஒரு சுவர்

குமரிமுனையில் சூரியன் எழுவதற்கு முன்பே டிரைபாடுகள் வந்து நின்றுவிடுகின்றன. விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, பின்னால் சிவக்கும் வானம். 2024 டிசம்பர் இறுதியில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் காட்சியில் இன்னொரு கோடும் சேர்ந்துகொண்டது. இந்தப் படத்தை எடுக்காத கேமராக்காரர் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார். எடுக்கட்டும், எங்கிருந்தாவது தொடங்கத்தானே வேண்டும். தொடங்கிய இடத்திலேயே இத்தனை பேர் நின்றுபோவது ஏன் என்பதைத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் என்று எங்கே போனாலும் படமெடுக்கும் ஆர்வலர்களைப் பார்க்கலாம். கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வளைகுடாவில் சம்பாதித்து முதல் விடுப்பில் நல்ல லென்ஸோடு வந்து இறங்கியவர்கள். கண் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, இப்போது கருவியும் இருக்கிறது. எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 'சூப்பர் மக்கா' என்று பதில் வருகிறது. இரண்டு மூன்று வருஷம் இப்படி ஓடும். அப்புறம் கல்யாண ஆர்டருக்குப் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் கேமரா அலமாரிக்குள் போய்விடுகிறது. கல்யாணப் படம் எடுப்பது மதிப்பான தொழில், பல குடும்பங்கள் அதில் வாழ்கின்றன. ஆனால் ஓவியரைப் போல, சிற்பியைப் போல, படமெடுப்பதையே தன் கலையாகக் கொள்ள நினைக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த மாவட்டத்தில் வேறொரு வழி இருக்க வேண்டாமா? அந்த வழியைப் போடுவது அந்தப் பிள்ளையின் பாடு என்று இதுவரை விட்டுவிட்டோம்.

பொழுதுபோக்காகப் படமெடுப்பவர் நல்ல காட்சி எங்கே கிடைக்கும் என்று தேடிப் போகிறார். கிடைத்ததும் அடுத்த இடம். கலைஞராக வளர்கிறவர் ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒரு தெரு, ஒரு தொழில், ஒரு குடும்பம், ஒரு குளம். வருஷக்கணக்கில் அதையே எடுக்கிறார். எடுத்ததில் பெரும்பகுதியைத் தள்ளிவிடுகிறார். எஞ்சியதில் எதற்குப் பக்கத்தில் எது என்று அடுக்கிப் பார்த்து, கலைத்து, மறுபடி அடுக்குகிறார். எந்த அளவில், எந்தத் தாளில் அச்சிடுவது, எத்தனை பிரதியோடு நிறுத்துவது என்று முடிவு செய்து ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுகிறார். சொல்ல வந்தது இதுதான் என்று பொறுப்பேற்கிறார். படங்களை அடுக்குவதையும் புத்தகமாக்குவதையும் கலையின் மையத்துக்கே கொண்டுவந்தவர் தயானிதா சிங். 2022இல் ஹாசல்பிளாட் விருது அவரைத் தேடி வந்தது.

இதில் கருவியின் பங்கு சிறியது. திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டுயானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களுக்கு இன்றைக்கும் மதிப்புக் குறையவில்லை. அவர் பயன்படுத்தியது பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு கருவி. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். அடுத்த லென்ஸ் வாங்கிய பிறகுதான் நல்ல படம் வரும் என்று காத்திருக்கும் தம்பிகள் அந்த யானைகளை ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

நம் காலத்திலேயே மதுரைப் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்கள். எம். பழனிக்குமார் மீன் விற்கும் தாயின் மகன். 2013இல் கடன் வாங்கிச் சொந்தக் கேமரா வாங்கினார். கையால் மலம் அள்ளும் வேலைக்குத் தள்ளப்பட்டவர்களின் வாழ்வையும் சாவையும் விடாமல் பின்தொடர்ந்து எடுத்தார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவிலும் அவர் இருந்தார். ஊரக இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகமான 'பாரி', தயானிதா சிங்கோடு சேர்ந்து ஆவணப் புகைப்பட விருதைத் தொடங்கியபோது, முதல் விருது அவருக்குத்தான் போனது. வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் யாரிடமும் போய்ப் படிக்காமல் தானே கற்றுக்கொண்டவர். பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்குத் திரும்பியவர், தன் தலித் குடும்பத்தின் அன்றாடத்தை எடுக்க ஆரம்பித்தார். உலகம் அவரைக் கவனித்தது அந்தப் படங்களால்தான். இருவருக்கும் கலை கிடைத்த இடம் அவரவர் வாசல்.

நம் வாசலில் என்ன குறை? கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த நாஞ்சில் நாட்டு வயல்கள் வாழைத்தோப்பாகி, பிளாட்டாகி, கல் நட்டுக் கிடக்கின்றன. ஒரே வயல் ஏலாவை, ஒரே வரப்பில் நின்று, பத்து வருஷம் எடுத்தவர் ஒருவர் இருந்தால் அதுவே ஒரு காவியமாகியிருக்கும். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதையும், சேராமல் நிற்பதையும் கால்வாயோடு நடந்தே எடுக்கலாம். மேற்கே போனால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் ரப்பர் மரங்களுக்கிடையே நடக்கும் பால்வெட்டுத் தொழிலாளிகள். அண்டி ஆபீஸில் நாள் முழுக்க முந்திரிக் கொட்டை உடைத்துக் கறைபிடித்த விரல்களோடு வீடு திரும்பும் பெண்கள். அக்கானி இறக்கப் பனை ஏறுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் குறைந்துகொண்டே வருகிறார்கள். தோவாளையில் மாணிக்க மாலை கட்டும் கைகள் இருக்கின்றன, அந்த மாலைக்கு இப்போது புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கடற்கரையில் வள்ளங்கள், கரமடி, வருஷம்தோறும் அலை தின்றுகொண்டிருக்கும் வீடுகள். 2004 சுனாமி மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்து எறிந்தது. பாலம் மறுபடி வந்துவிட்டது, அந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைகளின் மனத்தில் எது வந்தது, எது வரவில்லை என்று கேட்கும் படத்தொகுதி ஒன்று நமக்கு வேண்டும். வெளியூர்க்காரர் மூன்று நாளில் எடுத்துவிட்டுப் போகக்கூடியவை அல்ல இவை. இங்கே பிறந்து, இந்தப் பேச்சைப் பேசி, சாயங்காலம் அதே டீக்கடையில் உட்காருகிறவர்தான் எடுக்க முடியும்.

இதையெல்லாம் எடுக்கும் உரிமையோடு ஒரு கடமையும் கூடவே வருகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, கடலுக்குப் போனவரின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களை எத்தனையோ கேமராக்கள் படமெடுத்தன. அந்தப் படங்களால்தான் தேடுதலுக்கான கோரிக்கை நாடெங்கும் கேட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அழுகிற முகத்தை எடுத்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனார்கள்? வலை வீசும் மீனவர் என்று போட்டியில் பரிசு வாங்கிய படத்தை, வலை வீசியவரே பார்க்கவில்லை என்றால் அந்தப் பரிசில் ஏதோ குறை இருக்கிறது. அவர் பெயர் படத்தின் கீழே இருக்க வேண்டும், அவர் கையில் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும், வேண்டாம் என்று அவர் சொன்னால் படம் வெளியே வரக் கூடாது. பறவைகளுக்கும் இது பொருந்தும். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பதும் டிரோனைப் பறக்கவிட்டுக் கூட்டத்தைக் கலைப்பதும் கலையின் பெயரால்கூட மன்னிக்கத்தக்கவை அல்ல.

எடுப்பவரிடம் இவ்வளவு கேட்கிற நாம் அவருக்கு என்ன கொடுக்கிறோம்? போன் திரையில் ஒரு படத்தை இரண்டு நொடி பார்த்துத் தள்ளிவிட்டுப் போகிறோம். புகைப்படம் கலையாக வளர அச்சு வேண்டும், சுவர் வேண்டும், முன்னால் நின்று பேசுகிற ஆள் வேண்டும். திரையில் பளிச்சென்று தெரிந்த படம் இரண்டடி அகலத்தில் அச்சாகிச் சுவரில் ஏறும்போதுதான் அதன் பலவீனம் எடுத்தவருக்கே தெரியும். வளர்ச்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாகர்கோவிலில் நல்ல புகைப்படங்களைச் சட்டமிட்டு மாட்டியிருக்கும் இடம் எது என்று ஒரு மாணவி கேட்டால், நம்மில் எத்தனை பேர் யோசிக்காமல் பதில் சொல்வோம்?

இத்தனைக்கும் கலை தெரியாத ஊர் இல்லை இது. கவிமணியும் கலைவாணரும் பிறந்த மண். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் இருந்துகொண்டே தமிழ் நவீன இலக்கியத்தின் போக்கைத் திருப்பியவர். அவர் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம், பல வாசகர்களுக்குப் புதுவை இளவேனில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களும் சேர்ந்தே வருகின்றன. கி. ராஜநாராயணனையும் அவர் அப்படித்தான் நமக்குத் தந்தார். பக்கத்துத் தலைமுறை எழுத்தாளரைப் பொறுமையாகப் பார்க்கும் ஒரு கண், ஒரு மொழிக்கே நினைவை உண்டாக்கிக் கொடுக்கிறது. நாஞ்சில் நாட்டின் வில்லுப்பாட்டுக்காரர்களையும் களரி ஆசான்களையும் அந்தப் பொறுமையோடு பார்த்து வைப்பவர் யார்?

வேறு ஊர்களில் நடந்ததைப் பார்க்கலாம். 2016இல் சென்னை போட்டோ பியனாலே தொடங்கியது. 2019இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸிலேயே படங்கள் ஏறின. திருவண்ணாமலையில் அபுல் கலாம் ஆசாத் முன்னின்று நடத்திய 'புராஜெக்ட் 365', 2014இல் தொடங்கி ஓராண்டு முழுக்க ஒரே ஊரையும் அதன் மனிதர்களையும் பல புகைப்படக்காரர்களைக் கொண்டு பதிவு செய்து, பொதுவான படக் காப்பகம் ஒன்றை உருவாக்கியது. ஒரு ஊர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடிவு செய்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் இல்லை.

பழைய படங்களின் கதி இன்னும் கவலைக்குரியது. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. திருவிதாங்கூர் அரசுக்காகப் படமெடுத்த சக்காரியாஸ் டிக்ரூஸின் 1900 வாக்கிலான படங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் ஊர் ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்கள் எங்கே? தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடித் தேடி டிஜிட்டல் நகலெடுத்தது. ஒரு நிறுவனம் எல்லா வீட்டுக்கும் வர முடியாது. பரணில் பழைய நெகட்டிவ் பெட்டி வைத்திருக்கும் ஸ்டூடியோ குடும்பங்கள் அதைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன், அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்லூரிகளும் அந்தப் பெட்டியை வாங்கி வைக்க ஓர் அறையை ஒதுக்க வேண்டும். இன்றைய புகைப்படக் கலைஞர் நேற்றைய படத்தைப் பார்க்காமல் வளர முடியாது.

சாலை பழுது, குடிநீர் இல்லை, கடலரிப்புக்குத் தூண்டில் வளைவு கேட்டுப் போராட்டம் நடக்கிறது, இந்த நேரத்தில் போட்டோவுக்குக் கூடமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடலரிப்பையே எடுத்துக்கொள்வோம். இருபது வருஷத்துக்கு முன் கரை எங்கே இருந்தது என்று அதிகாரி கேட்டால் கிராமத்தார் கையை நீட்டிக் கடலைக் காட்டுகிறார்கள். ஒரே இடத்தில் நின்று வருஷாவருஷம் எடுத்த படத்தொடர் அவர்கள் கையில் இருந்தால் அந்தப் பேச்சின் எடையே வேறு. குளம் சுருங்குவதும் வயல் மறைவதும் அப்படித்தான். ஒரு நிலத்தை நீண்ட காலம் நேசித்து எடுக்கும் கலைஞர் அந்த நிலத்துக்குச் சாட்சியாகவும் ஆகிறார்.

ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். மாநகராட்சி புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டாம். மாவட்ட மைய நூலகத்திலோ கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்திலோ ஒரு சுவரை, நல்ல வெளிச்சத்தோடு, உள்ளூர்ப் புகைப்படங்களுக்கு நிரந்தரமாக ஒதுக்கினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படங்கள் மாறட்டும். தேர்வு செய்யும் குழுவில் ஓவியரும் எழுத்தாளரும் ஒரு மீனவப் பெண்ணும் இருக்கட்டும். கல்லூரிகள் புகைப்படப் போட்டி நடத்தும்போது ஒற்றைப் படத்துக்குப் பதில் பத்துப் படங்கள் கொண்ட தொடருக்குப் பரிசு கொடுக்கட்டும், இந்த ஒரு மாற்றமே பிள்ளைகளின் பார்வையைத் திருப்பிவிடும். கரிஷ்மா ஆல்பம் அச்சிடும் கடைக்காரர்கள் மாணவர்களுக்கு ஓய்வு நேரத்தில் அடக்க விலையில் பெரிய பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம், வண்ணத்தைச் சரிசெய்யக் கற்றுக்கொடுக்கலாம். அந்த அறிவு அவர்களிடம் நிறைய இருக்கிறது. மூத்த புகைப்படக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடி, இளையவர்களின் படங்களை மேசையில் பரப்பி, முகத்துக்கு நேரே குறை சொல்ல வேண்டும். 'சூப்பர்' சொல்லிச் சொல்லியே நிறையப் பேரைத் தேங்க வைத்துவிட்டோம்.

வாங்குவதும் நம் பங்குதான். புது வீடு கட்டிப் பால் காய்ச்சும்போது வரவேற்பறைக்கு வெளிநாட்டு நீர்வீழ்ச்சிப் படத்தை வாங்கி மாட்டுகிறோம். மருத்துவமனைகளும் ஹோட்டல்களும் அதையேதான் செய்கின்றன. அந்த இடத்தில் முட்டத்தின் செம்மண் மேடு இருக்கட்டும், தேரூர்க் குளம் இருக்கட்டும், எடுத்தவரின் கையெழுத்தோடும் அவருக்குச் சேர வேண்டிய விலையோடும். கலைஞர் ஒருவர் முழுநேரமாக வாழ முடியுமா என்ற கேள்விக்கு நம் வீட்டுச் சுவர்கள்தான் பதில் சொல்ல முடியும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கேமராவோடு திரியும் பிள்ளை ஒன்று இருக்கும். இதுவரை எடுத்ததில் தனக்கே பிடித்த ஒரு படத்தை இந்த மாதம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். அச்சுக் கூலியை நீங்கள் கொடுங்கள். பிறகு அந்தப் படத்தின் முன்னால் அந்தப் பிள்ளையோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து, இதை ஏன் எடுத்தாய் என்று கேளுங்கள்.