அடிக்காத கருவியும் அழுகிற கட்டுரைகளும்

மதுரையில் நண்பர் ஒருவரின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பேழையைக் காட்டினார்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில், நிக்கல் முலாம் மங்கிய, ஒரு சாண் உயரம்கூட இல்லாத இரும்புக் கருவி ஒன்று. அதைச் சுற்றி மரப்பெட்டியின் துளைகளில் வரிசையாகச் செருகப்பட்ட, விரல் நீளமுள்ள எஃகுப் பஞ்ச்கள். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்களின் ஸ்டேக்கிங் டூல். உசிலம்பட்டியில் மறைந்துபோன ஒரு கடிகாரக்காரரின் குடும்பத்திடமிருந்து வாங்கியதாகச் சொன்னார். “இது கருவி இல்லை, சிற்பம்” என்றார். “இதை வைத்து எத்தனை ஸ்டாஃப் அடித்தீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிற்பத்தைப் பார்த்து இப்படியொரு கேள்வியைக் கேட்கலாமா என்ற சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அது என்ன கருவி என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அதைப் பற்றி உருகுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தைத் தாண்டித்தான் உருகத் தொடங்குகிறார்கள். சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தின் உயிர்நிலை பேலன்ஸ் சக்கரம். மணிக்கு 18,000 துடிப்புகள் கொண்ட கடிகாரத்தில் அது ஒரு நாளைக்கு 4,32,000 முறை துடிக்கிறது. அந்தச் சக்கரம் நிற்கும் அச்சைத்தான் ஸ்டாஃப் என்கிறோம். அதன் இரு முனைகளும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவோ அதற்கும் குறைவோதான் இருக்கும். கடிகாரம் கைதவறித் தரையில் விழுந்தால் முதலில் ஒடிவது இந்த முனை. ஒடிந்தால் ஸ்டாஃபை மாற்ற வேண்டும். பழைய கடிகாரங்கள் பலவற்றில் ஸ்டாஃப் சக்கரத்தோடு தட்டி விரித்து இறுக்கப்பட்டிருக்கும். பழையதை நீக்கிப் புதியதைச் செருகி, அதன் மெல்லிய விளிம்பைத் தட்டி விரித்து, சக்கரத்தை அதன் மீது அசையாமல் நிறுத்த வேண்டும். தட்டுதல் ஒரு நூலளவு சாய்ந்தாலும் சக்கரம் கோணும். கோணிய சக்கரம் சரியான நேரம் காட்டாது.

அந்தச் சாய்வைத் தடுப்பதுதான் ஸ்டேக்கிங் டூலின் வேலை. அடியில் பல அளவுத் துளைகள் கொண்ட வட்டத் தகடு. அதைச் சுழற்றித் தேவையான துளையை நடுவுக்குக் கொண்டுவரலாம். மேலே வளைந்த கை. அதன் நுனியில் பஞ்ச் செங்குத்தாக இறங்கும் குழல். கூர்முனைப் பஞ்சைக் குழல் வழியே இறக்கித் துளையை மையப்படுத்தி, தகட்டைப் பூட்டிவிட்டால், அதன்பின் எந்தப் பஞ்சை இறக்கினாலும் அது துளையின் நடுவில்தான் போய் நிற்கும். உருண்டை முனை கொண்ட, நடுவில் துளையுள்ள பஞ்சால் முதலில் விளிம்பை விரிக்க வேண்டும். தட்டை முனையுள்ள பஞ்சால் பிறகு அதைப் படிய வைக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும். தேய்ந்து அகன்ற துளையைச் சுற்றி நெருக்கிச் சுருக்குவதற்கும், முள்களை நேராகப் பதிப்பதற்கும் இதே கருவிதான். பிரெஞ்சில் இதற்குப் ‘போத்தான்ஸ்’ என்று பெயர். அதே சொல்லுக்குத் தூக்குமரம் என்றும் பொருள் உண்டு. உருவத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து லெபனான் என்ற ஊரின் கென்ட்ரிக் அண்ட் டேவிஸ், ஜெர்மனியில் எஸ்லிங்கன் நகரத்து போலே, சுவிட்சர்லாந்தில் ல லொக்ல் நகரத்து பெர்ஜோன் ஆகியவை இத்துறையில் பெயர்பெற்றவை. பெரிய தொகுப்புகளில் நூறுக்கும் மேற்பட்ட பஞ்ச்கள் உண்டு. இந்த எண்ணிக்கையைக் கவனிக்கச் சொல்கிறேன். இந்தக் கருவியின் பெறுமதி சட்டத்தில் இல்லை; தொகுப்பில் இருக்கிறது. ஸ்டாஃபின் தடிமனுக்குப் பொருந்துகிற ஒரு பஞ்ச் காணாமற்போனால் அந்த அளவு ஸ்டாஃபுக்கு முழுப் பெட்டியும் பயனற்றது. சேகரிப்புச் சந்தையில் பெட்டி ஒரு கைக்கும், சட்டம் ஒரு கைக்கும், பஞ்ச்கள் பத்துப் பத்தாக வேறு கைகளுக்கும் போகின்றன. இதற்குத்தான் ‘பாதுகாத்தல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இனி உசிலம்பட்டிக்கு வருகிறேன். மதுரைக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டர் அளவிலுள்ள இந்த ஊரை வெளியுலகம் எப்போதும் ஒரு குறியீடாகவே அறிந்து வந்திருக்கிறது. 1986இல் ஓர் ஆங்கில இருவார இதழின் அட்டைக் கட்டுரைக்குப் பிறகு பெண்சிசுக்கொலை என்ற சொல்லின் மறுபெயராகவே இவ்வூரை எழுதியவர்கள் உண்டு. அக்கொடுமை உண்மை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்கு அப்பால் இங்கே சந்தை கூடியது, பூ விற்றது, கல்யாணம் நடந்தது, தாய்மாமன் சீர் வந்தது. சீர்த்தட்டில் கைக்கடிகாரமும் வந்தது. அது நின்றபோது சரிசெய்ய ஒருவர் வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்தை ஒட்டிய மரப்பெட்டிக் கடைகளில், ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு குனிந்திருந்தவர்களை என் தலைமுறையினர் பார்த்திருக்கிறோம்.

அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஸ்டேக்கிங் டூல் இருந்தது என்று கற்பனை செய்ய வேண்டாம். அது விலை கூடிய சாமான். நான் பார்த்த பெட்டிக் கடைகளில் ஓர் இரும்புக் கட்டையும், சிறு சுத்தியலும், தையல் ஊசியை அரைத்துச் செய்த குத்தூசியும்தான் இருந்தன. தொகுப்பு வைத்திருந்தவர் ஒருவர். மற்றவர்கள் ஸ்டாஃப் ஒடிந்த கடிகாரத்தை அவரிடம் கொண்டுபோய், “அண்ணே, இதை மட்டும் அடிச்சுக் குடுங்க” என்று நிற்பார்கள். அவர் அடித்துக் கொடுப்பார். கூலியில் பங்கு எடுத்துக்கொள்வார். ஆக, அந்தப் பெட்டி ஒருவருடைய சொத்தாக இருந்தபோதும் ஊரின் பொதுக் கருவியாக இயங்கியது. அதை விலைக்கு வாங்கி மதுரைக்குக் கொண்டுவருகிறவர் ஒரு கருவியை மட்டும் பெயர்ப்பதில்லை. ஊர்க் கிணற்றின் வாளியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்.

‘அந்தத் தொழிலே செத்துவிட்டதே, வாளியால் என்ன பயன்?’ என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். இதில் பாதி உண்மை. அதிர்வுத் தாங்கி 1930களிலேயே வந்துவிட்டது. அது பரவப் பரவ ஸ்டாஃப் ஒடிவது குறைந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. ஆலையின் ஜனதா போன்ற கடிகாரங்களிலும் அத்தாங்கி இருந்தது. 1969இன் இறுதியில் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸைப் பரவலாக்கியது. கடைசியில் கைப்பேசி வந்து மணி பார்க்கும் வேலையையே எடுத்துக்கொண்டது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மற்றப் பாதி பொய். அந்த மூடல் செய்திக்குப் பிறகுதான் ஜனதாவையும் பைலட்டையும் தேடித்தேடி வாங்கும் கூட்டம் பெருகியது. வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் கடிகாரம் நிற்கிறது. டயலுக்குப் புதுச் சாயம் பூசிப் பழைய அபூர்வம் என்று விற்கிற வியாபாரம் செழிக்கிறது. உள்ளே இருக்கும் இயந்திரத்தைச் செப்பனிட ஆள் இல்லை. தேவை சாகவில்லை. தேவைக்கும் கருவிக்கும் நடுவே கண்ணாடிப் பேழை வந்து நிற்கிறது. அவ்வளவுதான்.

இரண்டாவது வாதம் வலுவானது. நாங்கள் வாங்காவிட்டால் அது பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிருக்கும் என்கிறார்கள். ஆம், போயிருக்கும். எத்தனையோ போயிருக்கின்றன. கணவர் இறந்தபின் அந்தப் பெட்டி என்னவென்று தெரியாத மனைவி, தெரிந்தாலும் விருப்பமில்லாத பிள்ளைகள். அவர்கள் மீது குற்றமில்லை. இரும்புக் கடைக்காரனுக்கு முன்னால் போய் நின்று அதை மீட்டவருக்கு நன்றி சொல்ல நான் தயார். ஆனால் மீட்பு அதோடு முடிந்துவிடுகிறதா? எரிகிற வீட்டிலிருந்து குழந்தையை மீட்டவர், மீட்டேன் என்பதற்காக அதைத் தன் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாமா? எடைக்குப் போன கருவியும் பேழைக்குப் போன கருவியும் உசிலம்பட்டியில் ஒடிந்த ஸ்டாஃபோடு நிற்பவனுக்கு ஒன்றுதான். இரண்டும் அவன் கைக்கு எட்டாது.

இப்போது நம்மிடம் வருகிறேன். இலக்கியம் படிக்கிற, எழுதுகிற நம்மிடம். சேகரிப்பாளராவது வாங்கிய பொருளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? கடிகாரம் பழுதுபார்ப்பவரைக் கண்டால் உடனே அவரைக் காலத்தின் உருவகமாக்கிவிடுகிறோம். எல்லோருடைய நேரத்தையும் சரிசெய்தவர், தன் நேரத்தைத் தவறவிட்டவர். இப்படி எத்தனை கதைகள், எத்தனை கவிதைகள், எத்தனை ‘அழிந்துவரும் தொழில்’ கட்டுரைகள். எல்லாவற்றிலும் லென்ஸ் இருக்கும், மங்கிய பல்பு இருக்கும், நின்றுபோன சுவர்க்கடிகாரம் கட்டாயம் இருக்கும். அவர் கை என்ன செய்கிறது என்ற ஒரு வாக்கியம் இருக்காது. உழவைப் பற்றி எழுதுபவனுக்கு ஏர் பிடிக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும் என்று சிற்றிதழ்ப் பக்கங்களில் சண்டை போட்ட நாம், கடிகாரக்காரரிடம் மட்டும் உருவகத்தோடு திருப்தியடைந்துவிட்டோம். உசிலம்பட்டியை ஒற்றைச் சொல்லாக்கிய அதே சோம்பல்தான் அவரையும் ஒற்றைப் படிமமாக்கியது.

இந்த இரங்கற்பா மனநிலையின் இன்னொரு கேடு, அது உண்மையை மறைக்கிறது. பழைய கடிகாரக்காரர்கள் எல்லோரும் மகா கலைஞர்கள் அல்லர். பழைய ஸ்டாஃபை நீக்கும்போது இறுகிய விளிம்பைச் சிறு லேத்தில் கடைந்து எடுத்துவிட்டு, பிறகே தட்டி வெளியேற்ற வேண்டும். லேத் இல்லாதவர்கள் நேரடியாகவே குத்தித் தள்ளினார்கள். சக்கரத்தின் நடுத்துளை பெரிதாகும். அடுத்த ஸ்டாஃப் ஒழுங்காக உட்காராது. அப்படிக் கெட்ட சக்கரங்களை நான் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். வறுமை ஒரு காரணம். இன்னொரு காரணம், தெரிந்தவர்கள் சொல்லித் தராதது. ஸ்டாஃப் அடிக்கும்போது உதவியாளனை டீ வாங்க அனுப்பிய அண்ணன்மார்களை ஊரில் கேட்டால் சொல்வார்கள். வித்தையைப் பூட்டி வைத்தவர்கள் அவர்கள். கருவியைப் பூட்டி வைக்கிறவர்கள் நாம். அவர்களுக்காவது பிழைப்பு என்ற நியாயம் இருந்தது.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடமும் ஒரு தொகுப்பு உண்டு. முழுமையற்றது, ஏழெட்டுப் பஞ்ச்கள் குறைவு. வாங்கி ஆறு ஆண்டுகள் புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவேன். உசிலம்பட்டியில் கைப்பேசி பழுதுபார்க்கும் ஓர் இளைஞர் விசாரித்துக்கொண்டு ஒரு நாள் வந்தார். பட்டாளத்திலிருந்து தாத்தா கொண்டுவந்த பழைய சுவிஸ் கடிகாரம், ஸ்டாஃப் ஒடிந்தது. மாற்று ஸ்டாஃபை எங்கோ தேடிப் பிடித்திருந்தார். “சார், டூல் மட்டும் ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா போதும்” என்றார். நான் தயங்கினேன். பஞ்ச் தொலைந்துவிடுமோ, முனை மழுங்கிவிடுமோ என்றுதான் முதலில் மனம் போனது. ஆறு ஆண்டுகளாக எதையும் அடிக்காத ஒரு கருவியின் முனை மழுங்குவதைப் பற்றிக் கவலைப்பட்டேன். அந்தத் தயக்கத்தை அவர் பார்த்துவிட்டார் என்பதே இன்றும் என்னை உறுத்துவது.

கொடுத்தேன். அவருடைய முதல் முயற்சி தோற்றது. ஸ்டாஃப் கோணிப் பாழானது. இரண்டாவது ஸ்டாஃப் கிடைக்க மூன்று மாதமாயிற்று. அது நின்றது. கடிகாரம் நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்துவதாகச் சொன்னார். பெட்டி இப்போது அவர் கடையில் இருக்கிறது. எடுத்து வர எனக்கு எண்ணமில்லை. மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்று, அகலப்பாதையாகி, 2022இல் தேனி வரையும் 2023இல் போடி வரையும் திரும்பி வந்தது. நின்றுபோனவை எல்லாம் செத்தவை அல்ல.

ஆகவே என் தரப்பைச் சுருக்கமாக வைக்கிறேன். சேகரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வாங்குங்கள், உடைத்து விற்காதீர்கள். துரு நீக்குங்கள், முலாம் பூசி அளவைக் கெடுக்காதீர்கள். ஒரு பழைய சக்கரத்தை எடுத்து ஒரு ஸ்டாஃபாவது அடித்துப் பாருங்கள், கெடும், கெடட்டும். பக்கத்து ஊரில் கேட்பவனுக்கு இரவல் கொடுங்கள். எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடிகாரக்காரரைப் பற்றி அடுத்த இரங்கற்பா எழுதுமுன், அவர் எந்தப் பஞ்சை முதலில் எடுக்கிறார், ஏன் எடுக்கிறார் என்று கேட்டு அதைத் தமிழில் பத்து வரி எழுதிவிடுங்கள். அடுத்தவன் அதைப் படித்துவிட்டு அடிக்க முடிய வேண்டும்.

மதுரை நண்பருக்கு இதை அனுப்பியிருக்கிறேன். அவருடைய தொகுப்பு முழுமையானது. என் பெட்டியில் குறைகிற ஏழெட்டுப் பஞ்ச்களும் அதில் இருக்கின்றன. உசிலம்பட்டி இளைஞரின் மேசையில் இப்போது இன்னொரு கடிகாரம் காத்திருக்கிறது. அதற்குத் தேவையான அளவு என் பெட்டியில் இல்லை. பேழையின் சாவி யாரிடம் என்பது அவருக்குத் தெரியும்.