தேடினால் கிடைக்கும்படி வைப்போம்

அறிவைச் சேர்ப்பதில் நாம் குறை வைப்பதில்லை. ஜும்ஆ பயான்களின் ஒலிப்பதிவுகளும் மார்க்க விளக்கங்களும் நம் கைப்பேசிகளில் நிரம்பியுள்ளன. ஆயினும் வீட்டில் ஒரு மய்யித் நிகழ்ந்து, இத்தா குறித்தோ சொத்துப் பங்கீடு குறித்தோ ஐயம் எழும் வேளையில், சேர்த்து வைத்தது கைக்கு அகப்படுவதில்லை. தேடிக் கிடைக்காத அறிவு, இல்லாத அறிவுக்கு ஒப்பானதே.

நம் முன்னோர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். இமாம் அஹ்மத் (ரஹ்) தம் முஸ்னதை, அறிவித்த நபித்தோழர்களின் வரிசையில் அமைத்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) பொருள் வாரியாகப் பாடங்களை வகுத்தார்கள். எண்ணத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஹதீஸ், ஸஹீஹுல் புகாரியில் 7 இடங்களில் வருகிறது. வஹீயின் தொடக்கம், ஈமான், அடிமை விடுதலை, ஹிஜ்ரத், நிக்காஹ், சத்தியம், தந்திரங்கள் என ஒவ்வோர் இடத்திலும் அது ஒரு புதிய கேள்விக்கு விடையாகிறது. இமாம் புகாரியின் சட்ட நுணுக்கம் அவர்களின் பாடத் தலைப்புகளில் உள்ளது என்று உலமாக்கள் கூறுவது இதனாலேயே.

பெரும் பிரிவு வேறு, அடையாளச் சொல் வேறு. பிரிவு என்பது வீட்டின் அறை. அவை சிலவாகவே இருத்தல் நலம். தூய்மை, தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ், கொடுக்கல் வாங்கல், நிக்காஹ், வாரிசுரிமை என்னும் ஃபிக்ஹு நூல்களின் வரிசையே நமக்குப் போதும். அடையாளச் சொல் என்பது பொருளின் மீது ஒட்டும் சீட்டு. ஒன்றுக்குப் பல இருக்கலாம். தங்க நகைக்குரிய ஜகாத் பற்றிய குறிப்பு ஜகாத் பிரிவில் இருக்கட்டும். அதன் மீது "நகை", "பெண்கள்" என்னும் சீட்டுகளும் இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜகாத், ஸகாத், ஜக்காத் என்றும், ரமலான், ரமளான், ரமழான் என்றும் நாம் பலவாறு எழுதுகிறோம். ஒரே எழுத்துமுறையைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். இல்லையேல் ஒரே செய்தி மூன்று இடங்களில் சிதறும். அடுத்து, "பொது" என்றொரு பிரிவைத் திறக்காதீர்கள். வகைப்படுத்தச் சோம்பும் மனம் எல்லாவற்றையும் அதிலேயே கொட்டிவிடும்.

பாடத்திலிருந்து பிரிந்த ஒற்றை ஹதீஸ் கைகள் மாறும்போது, அது எதைப் பற்றியது என்பதே மறைந்து, தவறான தீர்ப்புக்குத் துணைபோகிறது. ஆகவே, எந்த நூல், எந்தப் பாடம், யார் விளக்கியது என்பதைக் குறிக்காமல் எதையும் சேமிக்க வேண்டாம், பகிரவும் வேண்டாம். ஒழுங்குபடுத்துவதும் அமானிதத்தைப் பேணுவதே.

பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.